புறவாசல் வாட்டம்

பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்தப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்த சண்முகசுந்தரி, வேலை முடிந்து அம்பாசமுத்திரம் திரும்பியபோது, வீட்டுப் புறவாசலில் புதுச் சிமெண்ட் தளம் போட்டு முடித்திருந்தார்கள். பாசி பிடித்த பழைய செங்கல் தரையைக் காணோம். கிணற்றடியிலிருந்து அவளுடைய அடுப்படிச் சுவர் வரைக்கும் வழவழவென்று பூசியிருந்தது.

"உங்களுக்கும் சேத்துத்தான் மதினி போட்டேன்" என்றான் சிவசங்கரன். "பொதுப் புறவாசல்லா. நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

சிவசங்கரன் அவளுடைய கொழுந்தன். வீடு கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டர். அவனுடைய அண்ணன், அவள் புருஷன் குமரகுருபரன் மஞ்சள்காமாலையில் போய் வருஷம் திரும்புவதற்குள் வீட்டைப் பங்கு வைத்து நடுவே சுவர் எழுப்பியாயிற்று. கிழக்குப் பாதி அவனுக்கு, மேற்குப் பாதி சுந்தரிக்கு. கிணறும் புறவாசலும் பொது. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த மாமியார் சொர்ணாம்பாளை யார் வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி மட்டும் பங்கு வைத்த அன்று யாரும் வாய் திறக்கவில்லை. "மதினி கைப்பக்குவந்தான் அம்மைக்கு ஒத்துக்கும்" என்று பிற்பாடு சிவசங்கரன் சொன்னதோடு அந்தக் கேள்வியும் முடிந்தது. பிள்ளை இல்லாதவள், புருஷனும் இல்லாதவள், அவளுக்கு வேறு என்ன வேலை என்று எல்லோரும் நினைத்திருக்கலாம். அடுப்படிக்கு அடுத்த அறையில் கிழவியின் கட்டில் கிடந்தது. பீ மூத்திரம் அள்ளுவதும் குளிப்பாட்டுவதும் சுந்தரியின் பாடு.

முதல் கோடைமழைக்கே தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிட்டது. முன்பெல்லாம் மழைத் தண்ணீர் கிழக்கு மதிலை ஒட்டிய வாறுகாலில் விழுந்து தெருவுக்குப் போய்விடும். இப்போது அது திரும்பி, மேற்கே வந்து, சுந்தரியின் சுவரடியில் கட்டி நின்று, கதவு இடுக்கு வழியாக உள்ளே புகுந்தது. அவள் சாக்குகளைத் திணித்தாள். சட்டியால் மோந்து மோந்து ஊற்றினாள். கிழவியின் கட்டிலை இழுத்து மேடான மூலையில் போட்டாள். மறுநாள் கதவுக்கு வெளியே செங்கல் அடுக்கித் தடுப்புப் போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் செங்கல் அத்தனையும் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்கு முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"பொது எடத்துல கல்லை அடுக்குனா நாங்க நடக்க வேண்டாமாக்கும்" என்றாள் சிவசங்கரனின் மனைவி விஜயஸ்ரீ.

"தளத்துக்கு வாட்டம் தப்பா வச்சிருக்கு. தண்ணி பூரா என் பக்கம் வருது."

சிவசங்கரன் வெளியே வந்தான். கோபமே இல்லை. அவனுக்கு எப்போதுமே கோபம் வராது. "தளம் மட்டமாத்தான் இருக்கு மதினி. உங்க சுவருதான் எறங்குது. தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல ஊறுன சுவருல்லா? அது எறங்கும்போது தரையோட ஓரத்தையும் இழுத்துட்டுத்தான் போவும். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் தலையில விழும். அதான் அப்பமே சொன்னேன், என்கிட்டக் குடுத்துட்டு நிம்மதியா ஒரு வாடகை வீடு பாருங்கன்னு."

அவனுக்கு வேண்டியது அதுதான். முழு வீட்டையும் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதுக்கும் வந்திருந்தது.

சுந்தரி மாமனாரின் அண்ணன் தில்லைநாயகம் பிள்ளையிடம் போய் முறையிட்டாள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டியும் விபூதியுமாக வந்து, புறவாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சிவசங்கரன் ரசமட்டத்தை எடுத்துவந்தான். முழங்கை நீளத் தேக்குக் கட்டை, ஒரு முனையில் சிவப்புப் பெயிண்ட். அதன் முதுகில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டின் நடுவே கண்ணாடிக் குழாய், உள்ளே இளம்பச்சை நீர், நீருக்குள் ஒரு குமிழி. குழாயின் மேல் நடுவில் இரண்டு கறுப்புக் கோடுகள், அவற்றுக்கு வெளியே இரு பக்கமும் ஒவ்வொரு கோடு.

"குமிழி நடுக்கோடு ரெண்டுக்கும் உள்ள நின்னா மட்டம். கோட்டைத் தாண்டுனா தப்பு. அவ்வளவுதான் பெரியப்பா" என்று சொல்லி, அவன் அதைத் தளத்தின் நடுவில் கிழக்கு மேற்காக வைத்தான். குமிழி லேசாக ஆடி, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. இரண்டடி தள்ளி வைத்தான். அங்கேயும் அப்படியே. கிணற்றடியிலும் அப்படியே.

"நீங்களே பாருங்க மதினி. குனிஞ்சு நல்லாப் பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். குமிழி நடுவில்தான் இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தளத்தில் ஊற்றிக் காட்டினாள். தண்ணீர் அவள் சுவரைப் பார்த்து ஓடியது.

"சுவர் இழுக்குதுல்லா, போகத்தான் செய்யும்" என்றான் சிவசங்கரன்.

தில்லைநாயகம் பிள்ளை தொண்டையைச் செருமினார். "கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது மருமவளே."

அறைக்குள்ளிருந்து கிழவியின் குரல் வந்தது. "அத்தான், அவ பேச்சைக் கேக்காதீங்க. அடுப்படி அங்கணத்து ஓட்டையில துணியைத் திணிச்சு வச்சு அவதான் தண்ணியைக் கட்டுதா. நான் கண்ணால பாத்தேன்."

கட்டிலை விட்டு எழுந்து உட்காரவும் முடியாதவள் எப்படி அங்கணத்தைப் பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலைதான் சுந்தரி அவளுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டிருந்தாள். விஜயஸ்ரீ சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டீச்சருக்குப் படிப்பு இருக்கு, பார்வைதான் கொஞ்சம் கம்மி" என்றான் சிவசங்கரன். தில்லைநாயகம் பிள்ளையும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு சுந்தரியின் காதில் பல நாள் கிடந்தது. அதைவிட மோசம், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுவர் உண்மையிலேயே இறங்குகிறதோ? நூல் பிடித்துப் பார்த்தாள். விரிசலுக்கு மேல் காகிதத் துண்டை ஒட்டி, கிழிகிறதா என்று கவனித்தாள். கிழியவில்லை. ஆனால் குமிழி நடுவில்தானே நின்றது. அவள் கண்ணால் பார்த்தாளே.

பள்ளிக்கூடம் திறந்து, ஒன்பதாம் வகுப்புக்குத் திருகு அளவி நடத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளுக்குப் பொறி தட்டியது. எந்தக் கருவியையும் கையில் எடுத்ததும் முதலில் அதன் சுழிப்பிழையைப் பார்க்க வேண்டும், கருவியே தப்பாக இருந்தால் அது காட்டுவதும் தப்பாகத்தான் இருக்கும் என்று வருஷா வருஷம் சொல்லும் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நின்றுவிட்டாள். அன்று சிவசங்கரன் ரசமட்டத்தை ஒவ்வொரு இடத்திலும் தூக்கி வைத்தது நினைவுக்கு வந்தது. ஒரு முறைகூட அவன் அதைத் திருப்பி வைக்கவில்லை. சிவப்புப் பெயிண்ட் தொட்ட முனை எப்போதும் கிழக்கேதான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சிவசங்கரனும் விஜயஸ்ரீயும் பாபநாசத்துக்குப் போயிருந்தார்கள். கொத்தனார் இசக்கியப்பன் கிணற்றடியில் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த ரசமட்டத்தைக் கொஞ்சம் குடுங்க."

இசக்கியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பீடி வாங்கி வருவதாகச் சொல்லித் தெருப்பக்கம் போய்விட்டார்.

அவள் அதைச் சிவப்பு முனை கிழக்கே இருக்கும்படி வைத்தாள். குமிழி நடுவில். அதே இடத்தில், தலைக்குத் தலை மாற்றி வைத்தாள். குமிழி வழுக்கிக்கொண்டு கிழக்கே போய், நடுக்கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டையும் தாண்டி நின்றது. மறுபடி திருப்பினாள். நடு. மறுபடி. கிழக்கு.

அவள் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குமிழி மேட்டைப் பார்த்துத்தான் ஏறும், பள்ளத்துக்கு வராது. கருவி சரியாக இருந்தால், எப்படித் திருப்பி வைத்தாலும் அது ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். இங்கே ஒரு வாக்கில் நடுவில் நிற்கிறது, மறு வாக்கில் கிழக்கே ஓடுகிறது. அப்படியானால் ஓடிய தூரத்தில் பாதி கருவியின் பிழை, மறு பாதி தரையின் சரிவு. ஒரு வாக்கில் பிழையும் சரிவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குமிழியை நடுவில் நிறுத்துகின்றன. தரை கிழக்கே மேடு, மேற்கே பள்ளம். சந்தேகமே இல்லை. பித்தளைத் தகட்டைத் தடவிப் பார்த்தாள். திருகாணிகளைச் சுற்றிப் புதுக் கீறல்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தில்லைநாயகம் பிள்ளையைத் திரும்ப வரவழைத்தாள். எல்லோரையும் நிற்கவைத்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். வைத்தாள், திருப்பி வைத்தாள், கோடுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். கடைசியில் கத்தி முனையால் திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். கண்ணாடிக் குழாயின் ஒரு முனைக்கு அடியில் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாள் நான்காக மடித்துச் செருகியிருந்தது. அதை எடுத்துத் தில்லைநாயகம் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள்.  இத்தனை மாதமும் அவள் காத்திருந்த நிமிஷம் இது.

 சிவசங்கரன் சிரித்தான். மாட்டிக்கொண்டவன் சிரிக்கும் சிரிப்பு அல்ல. சின்னப் பிள்ளை அ, ஆ சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டீங்களே! சரி மதினி. வாட்டம் உங்க பக்கந்தான். நான்தான் வைக்கச் சொன்னேன். தாளைச் செருகுனதும் நான்தான். இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அவள் தில்லைநாயகம் பிள்ளையைப் பார்த்தாள். அவர் வெள்ளித்தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மாமா?"

"என்னம்மா மாமா? தெரிஞ்சிட்டுல்லா. நீ ஒத்தைப் பொம்பளை, உனக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய வீடு? அவன் புள்ளைகுட்டிக்காரன். அனுசரிச்சுப் போ."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

அவர் குனிந்து செருப்பை மாட்டினார். இசக்கியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறைக்குள் கிழவி இருமினாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் புறவாசலில் அந்தக் கோடுகளின் அர்த்தம் தெரியாமல் நின்றது அவள் ஒருத்திதான். இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"தாளை எடுத்தது நல்லதாப் போச்சு" என்று ரசமட்டத்தை வாங்கிக்கொண்டான் சிவசங்கரன். "நாளைக்கு வேலைக்கு வேணும்."

அதற்குப் பிறகு சுந்தரி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முகம் மாறவில்லை, பேச்சு மாறவில்லை. ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் காலையில் பொதிகை மலைப் பக்கம் வானம் மைபோலக் கறுத்திருந்தது. அப்படி இருட்டிக்கொண்டு வரும் நாட்களில் அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிடுவாள். இல்லையென்றால் சாக்குகளைத் திணித்து, கட்டிலை மூலைக்கு நகர்த்திவிட்டாவது போவாள். அன்று இரண்டையும் செய்யவில்லை. குடையை எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, மழை வருதே" என்றாள் கிழவி. "சாக்கு வைக்கலியா?"

"இல்லை அத்தை."

"கட்டிலையாவது நகத்திப் போட்டுட்டுப் போயேன்."

"உங்க மகன் வீட்டுலதான் இருக்காரு. மழை நாள்ல அவருக்கு ஏது வேலை? கூப்பிடுங்க, வருவாரு."

அன்று பெய்த மழையில் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். சுந்தரி வீட்டுக்குப் போகவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினாள். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது அடுப்படியிலும் அறையிலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கிழவி கட்டிலில் இல்லை. எப்படியோ இறங்கப் பார்த்து விழுந்து, கட்டில் காலைக் கட்டிப்பிடித்தபடி தண்ணீரில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

சுந்தரி அவளைத் தூக்கி, துடைத்து, உலர்ந்த சேலை சுற்றி, சுக்கு வெந்நீர் புகட்டினாள்.

"சங்கரா, சங்கரான்னு கூப்பிட்டேன்" என்று கிழவி காற்றாகச் சொன்னாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் செருமுதது கேட்டுது. பொறவு ரேடியோவைச் சத்தமா வச்சிட்டான் ஏட்டி. என் கொரலு கேட்ட பொறவுதான் வச்சான்."

சுந்தரிக்கு இரக்கம் வந்தது. அதன் பின்னாலேயே, நாக்கில் வெல்லம் பட்டதுபோல ஒரு இனிப்பும் வந்தது. அந்த இனிப்புக்காக அவள் வெட்கப்படவில்லை. அடுத்த மழைக்கும் அவள் சாக்கு வைக்கவில்லை. கட்டிலை மட்டும் நகர்த்தினாள். கிழவி அவளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கஞ்சி ஆறியிருந்தாலும் குடித்தாள். உடம்பு துடைக்கும்போது வலித்தால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பயத்தைப் பார்ப்பதற்காகவே சுந்தரி சில நாள் வேண்டுமென்றே சற்று அழுத்தித் துடைத்தாள்.

அடுத்த கோடையில் மாறுதல் கேட்டு எழுதிப்போட்டாள். ராதாபுரம் போட்டார்கள். யாரும் கேட்டுவாங்காத ஊர். பனையும் காற்றும் செம்மண்ணும்தான். அவள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகு, இசக்கியப்பனையும் இன்னொரு ஆளையும் கூப்பிட்டு, கிழவியைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கச் சொன்னாள். கிழவி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிரு தாயி. நான் சொன்னது பொய்தான். அவன் சொல்லச் சொன்னான், சொன்னேன். அங்க விட்டுட்டுப் போயிராத."

"உங்க மகன் வீடு மேட்டுல இருக்கு அத்தை. நனையாது."

முந்தானையிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். கொழுந்தன் வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கவைத்தாள். விஜயஸ்ரீ கதவைப் பாதி திறந்து, "இங்க எங்கன போட?" என்றாள். சுந்தரி தன் பாதி வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீட்டை விற்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை.

மறு ஐப்பசியில் சிவசங்கரன் ராதாபுரம் வந்து சேர்ந்தான். நனைந்த சட்டை, வீங்கிய கண்கள். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"சாவி வேணும் மதினி. உங்க பக்கத்துல தண்ணி ஏறி நிக்கி. மோந்து ஊத்த ஆள் இல்லை. நடுச்சுவரு பூரா ஊறி, அம்மை கெடக்குத ரூமுல ஓதம் ஏறுது. ராத்திரியெல்லாம் இருமுதா."

"எந்த ரூம்?"

"சாமான் போடுத ரூமு. சுவரை ஒட்டி."

"கூடத்துல போடலாமே?"

"விஜயா ஒத்துக்க மாட்டா."

"அப்பம் தளத்தை ஒடச்சு வாட்டத்தை மாத்துங்க. தண்ணி வாறுகாலுக்குப் போயிரும். என் சாவி எதுக்கு?"

அவன் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தான். "நல்ல தளம் மதினி" என்றான். "ஒடைக்க மனசு வரலை."

அவள் எழுந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "வள்ளியூர் பஸ் இப்ப வந்திரும்" என்றாள்.

கார்த்திகையில், கிழவி போய்விட்டாள் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. அவள் போனாள். புறவாசலில் பெஞ்சு போட்டு, பெண்கள் சொர்ணாம்பாளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முதுகில் பழைய புண் உள்ளங்கை அகலத்துக்கு ஆகியிருந்தது. உடம்பிலிருந்து வழிந்த தண்ணீர், மஞ்சளும் சீயக்காயுமாக, தளத்தில் கோடு போட்டதுபோல மேற்கே ஓடிப் பூட்டிய கதவின் கீழ் நுழைந்தது. அதைப் பார்த்தது சுந்தரி ஒருத்திதான்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு, தில்லைநாயகம் பிள்ளை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "ஒரு சாவி. ஒரு சாவியைக் குடுத்திருந்தா அவ இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பா. உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா மருமவளே?"

பெண்கள் "உச்" கொட்டினார்கள். "இப்பிடியும் ஒருத்தி இருப்பாளா?" என்றாள் ஒருத்தி. விஜயஸ்ரீ ஓங்கி அழத் தொடங்கினாள். சிவசங்கரன் மொட்டைத் தலையோடு, தூணில் சாய்ந்து, எல்லோரும் ஆறுதல் சொல்லும்படி உட்கார்ந்திருந்தான்.

"குடுத்திருக்கலாம் மாமா" என்றாள் சுந்தரி. "குடுக்கணும்னு தோணலை."

அவள் ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டு வந்து, ஈரச்சேலையைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். களக்காடு வழியாக வள்ளியூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்து, கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வரவில்லை. தூக்கம்தான் வந்தது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் வள்ளியூரில் நின்றிருந்தது, ஆட்களெல்லாம் இறங்கிப் போயிருந்தார்கள்.